முயல் தோல் வைத்த நாடா

சேசு மரி சூசை துணை

மைசூர், தேவராஜ மொஹல்லா
1930 ஜூலை 6

அன்புள்ள விக்டோரியாவுக்கு மதலைமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் சுகமும் மச்சான் ஸ்டானிஸ்லாஸ் வீட்டார் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே, வேலை. சாவுகாரர் நஞ்சுண்டசாமி தம் பட்டுச் சாலையில் பன்னிரண்டு மின்சாரத் தறி போட்டுவிட்டார். தச்சு வேலைக்கு நான் ஒருவன்தான். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறதே, அந்த நாடாவைச் செதுக்குவதும் பழுது பார்ப்பதும் என் பாடு. கன்னடக்காரர்கள் லாளி என்கிறார்கள். சிறிய மரப் படகு என்று வைத்துக்கொள். அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார்க்கட்டை கிடக்கும்.

பருத்தி நூல் சொன்னபடி கேட்கும், சுற்றுச் சுற்றாக அவிழும். பட்டுக்கு அந்த அடக்கம் கிடையாது. நாடா வேகமாக ஓடிப் போய்ப் பெட்டியில் மோதி நிற்கும்போது பத்துச் சுற்று ஒன்றாகச் சரிந்து சிக்கிக்கொள்ளும். சேலையில் அந்த இடம் பாழ். கைத்தறியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மின்சாரத்துக்குப் பொறுமை இல்லை.

நூலைப் பிடித்து வைக்கிற நாடா செய்து காட்டினால், சாலைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டை எனக்குத் தருவதாகச் சாவுகாரர் சொல்லியிருக்கிறார். வீடு கிடைத்தால் உன்னை அழைத்துக்கொள்வேன். இப்போது இருப்பது மார்க்கெட்டுக்குப் பின்னால் வெற்றிலை மண்டியின் மாடி அறை. விடியுமுன்பே கூடை இறக்கும் சத்தம். அத்தனை சனத்துக்கு நடுவில் என் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

அன்று கல்லறைத் தோட்டத்தில் வாய் தவறி ஏதோ சொன்னேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
மதலைமுத்து

—

சேசு மரி சூசை துணை

ராமாபுரம்
1930 ஜூலை 27

என் அன்புள்ள கணவருக்கு விக்டோரியா தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். மழை பரவாயில்லை. அண்ணன் கேழ்வரகு விதைத்துவிட்டார்.

நாடாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்துப் புரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. நீங்கள் வேலையில் இறங்கினால் பசியை மறப்பவர்.

வாய் தவறி ஏதோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. எனக்கு எழுத்து எழுத்தாக நினைவு இருக்கிறது. “பனி கொட்டுற மாசத்துல புள்ளத் தலைய மூடாமப் போட்டுட்டியேடி.” ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சனமெல்லாம் அருளப்பன் குழியைச் சுற்றி நின்றபோது சொன்னீர்கள். சாமியாரும் நின்றார்.

உங்களுக்கு அது வாய் தவறியது. ஊருக்கு அது சாட்சி. பெற்ற தகப்பனே சொல்லிவிட்டானே. போன வாரம் கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாதம்மா என்னைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த குழந்தையின் தலையில் முந்தானையை இழுத்துவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. கை தானாகப் போயிற்று. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தை மாசம் வருஷப் பூசை வருகிறது. குழிக்கு மரக் குருசு செய்து தருவதாகச் சொல்லிப் போனீர்கள். இப்போது அங்கே அண்ணன் நட்ட இரண்டு குச்சிதான் இருக்கிறது. மழையில் ஒன்று சாய்ந்துவிட்டது, நிமிர்த்தி வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா

—

சேசு மரி சூசை துணை

மைசூர்
1930 செப்டம்பர் 14

அன்புள்ள விக்டோரியாவுக்கு எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. சாப்பாடு மார்க்கெட் முனையில் கமலம்மாள் என்று ஒரு அம்மாளின் சாப்பாட்டுக் கடையில். ராகி முத்தை, நம் களி உருண்டைதான், சாறும். குறை இல்லை.

நாடா என்னைப் படாதபாடு படுத்துகிறது. முதலில் தார்க்கட்டையில் சுற்றிலும் கோடு கோடாக வரி இழைத்தேன், நூலுக்குப் பிடிப்பு இருக்கட்டும் என்று. அடிச்சுற்று நின்றது, மேல்சுற்று சரிந்தது. பிறகு கட்டையின் அடியை எஃகுச் சுருளால் இறுக்கினேன். கட்டை அசையவில்லை, நூல் அசைந்தது. நாடாவின் உள்சுவரில் கம்பளித் துணி ஒட்டினேன். அது தன் மயிரைப் பட்டில் விட்டது. பன்றிமயிர் வைத்தேன். நூலை அறுத்தது. தறிக்காரன் மல்லப்பன் சரிந்த நூலைப் பிடுங்கிப் பிடுங்கி என் பட்டறை மேல் கொண்டுவந்து போடுகிறான், பூசைக்குப் பூ வைக்கிற மாதிரி.

போன வாரம் சாவுகாரரின் பழைய சாமான் பெட்டியில் சீமை நாடா ஒன்று அகப்பட்டது. பாதி உடைந்தது. உள்சுவரில் இரண்டு பக்கமும் மெல்லிய பள்ளம், பள்ளத்தில் பொடிந்துபோன மயிர்த் தோல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முயல்! மயிர் இரண்டு பக்கமும் சாய்ந்து நூலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அழுத்துவதில்லை, அறுப்பதில்லை, தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூட அவிழ விடுவதில்லை. இத்தனை மாதமாக இதற்கா மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று சிரித்துவிட்டேன்.

இங்கே முயல் தோல் வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பில் போட்டு எடுத்திருக்கிறான், தடவினால் மயிர் கையோடு வருகிறது. நம் கலியாணத்து வருஷம் நான் கண்ணி வைத்துப் பிடித்த முயலின் தோல், ஆவாரம் பட்டை போட்டு நானே பதப்படுத்திப் பரணில் தொங்கவிட்டேனே, அதில் ஒரு மயிர் உதிர்ந்திருக்காது. அதை உடனே பார்சலில் அனுப்பு. அது வந்தால் வீடு நமக்குத்தான்.

மற்றவை நேரில்.

மதலைமுத்து

—

மைசூர்
1930 அக்டோபர் 9

விக்டோரியாவுக்கு. சுகம். நாலு வாரமாயிற்று, தோலும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தசரா முடிந்தது, சாவுகாரர் தினமும் கேட்கிறார். பரணில் இல்லையென்றால் மச்சானைத் தேடச் சொல். எலி தின்றுவிட்டதென்றாலும் எழுது. தோலை மட்டும் மறந்துவிடாதே.

மதலைமுத்து

—

சேசு மரி சூசை துணை

ராமாபுரம்
1930 அக்டோபர் 22

என் அன்புள்ள கணவருக்கு விக்டோரியா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சுகம். நீங்களும் சுகமென நம்புகிறேன்.

எலி தின்னவில்லை. உங்கள் செப்டம்பர்க் கடிதம் கிடைத்த அன்றே தோலை எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி பெட்டிக்குள் வைத்தேன். இப்படியே சில நாள் போயிற்று. அறுப்பும் இருந்தது.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு துண்டாக இருக்கும். நீளத் துண்டு ஒன்று, வட்டத் துண்டு ஒன்று. உங்களுக்கு எப்படியும் கீற்றுக் கீற்றாக வெட்ட வேண்டியதுதானே.

வெட்டும்போது மெதுவாக வெட்டுங்கள்.

அண்ணன் நேற்றுச் சாப்பிடும்போது, “ஏன் அம்மிணி, மச்சானுக்குக் கட்டையும் தோலும்தான் கண்ணுக்குத் தெரியுதாட்டம் இருக்குது. வருசப் பூசைக்கு வாறாரா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார். கேட்கிறேன். வருகிறீர்களா?

விக்டோரியா

—

சேசு மரி சூசை துணை

மைசூர்
1930 நவம்பர் 16

அன்புள்ள விக்டோரியாவுக்கு மதலைமுத்து மிகுந்த சந்தோஷத்துடன் எழுதுவது. சுகம், சுகம், சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

பிடித்துக்கொண்டது! உள்சுவரில் பள்ளம் எடுத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, முயல் தோல் கீற்றை மயிர் நூல் ஓடுகிற பக்கம் சாயும்படி ஒட்டி, இரண்டு நாள் கட்டிப்போட்டுக் காயவைத்தேன். வியாழக்கிழமை மல்லப்பன் தறியில் ஏற்றினோம். முழுத் தார் ஓடி முடிந்தது. ஒரு சரிவு இல்லை, ஒரு சிக்கு இல்லை. மல்லப்பன் தறியை நிறுத்திவிட்டு நாடாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏனு மேஸ்திரி, லாளிகே மந்திர ஹாகிதிரா?” என்றான். நாடாவுக்கு மந்திரம் போட்டுவிட்டீர்களா என்று கேட்கிறான். இரண்டு மாதம் என்னைப் பரிகாசம் செய்தவன்!

சாவுகாரர் சுத்த சைவம். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டார். சீமையில் செய்வது போலத்தான் செய்திருக்கிறேன் என்றேன். பொய் இல்லையே. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. சேலை நன்றாக வந்தால் எதையும் கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியும்.

அன்று ராத்திரி அறைக்கு வந்து உட்கார்ந்ததும், இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். வெற்றிலை மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். “அப்படியா, சந்தோஷம்” என்று கதவைச் சாத்திக்கொண்டான். நீ இருந்திருந்தால் தறி எப்படி நின்றது, மல்லப்பன் முகம் எப்படிப் போயிற்று என்று எல்லாம் கேட்டிருப்பாய்.

நீ அனுப்பிய தோலில் நாலு நாடாவுக்குக் கீற்று வந்தது. ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன, பூச்சி அரித்திருக்கும். அந்த இடத்தைக் கழித்துவிட்டேன். தோலில் வசம்பு வாசனை வந்தது. பூச்சிக்கு வசம்பு போட்டு வைத்தாயா? கெட்டிக்காரி.

ஆனால் இது முழுத் தோல் இல்லை. பாதிகூட இருக்காது. மீதியை அனுப்பு. இன்னும் எட்டுத் தறி இருக்கிறது.

மதலைமுத்து

—

சேசு மரி சூசை துணை

ராமாபுரம்
1930 டிசம்பர் 5

என் அன்புள்ள கணவருக்கு. சுகம். நாடா பிடித்துக்கொண்டதில் எனக்கும் சந்தோஷம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

வசம்பு பூச்சிக்கு நல்லதுதான். மீதித் தோல் இல்லை.

பனி தொடங்கிவிட்டது. வருஷப் பூசை ஜனவரி 29, வியாழக்கிழமை. சாமியாரிடம் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

விக்டோரியா

—

சேசு மரி சூசை துணை

மைசூர்
1930 டிசம்பர் 26

அன்புள்ள விக்டோரியாவுக்கு எழுதுவது. நான் சுகம். உனக்கும் மச்சான் வீட்டாருக்கும் கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்து. பாதிராப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். கைக்குழந்தைக்காரர்கள் பக்கத்தில் நிற்க முடியாமல் பாதியில் வந்துவிட்டேன்.

வீட்டுச் சாவி கையில் வந்துவிட்டது. இரண்டு அறை, பின்புறம் குழாய், முருங்கை மரம் ஒன்று. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். என் காலடிச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை, மறுபடி பூட்டிவிட்டு மாடி அறைக்கே வந்துவிட்டேன். மாசி மாதம் நீ புறப்பட்டு வா. மச்சான் கொள்ளேகாலம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டால், அங்கே பஸ் ஏறிவிடலாம்.

பூசைக்கு நான் வருவது கஷ்டம். எட்டு நாடாவும் தை முடிவதற்குள் வேண்டுமென்கிறார் சாவுகாரர். என் பெயரையும் சேர்த்துச் சாமியாரை வேண்டிக்கொள்ளச் சொல். குருசைப் பிறகு செய்துகொள்ளலாம், மரம் நன்றாக உலர வேண்டும்.

மீதித் தோல் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு முழு முயல் தோல் எப்படிப் பாதியாகும்? யாருக்காவது கொடுத்தாயா? எதற்கு வெட்டினாய்? உள்ளதை எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மதலைமுத்து

—

சேசு மரி சூசை துணை

ராமாபுரம்
1931 ஜனவரி 8

என் அன்புள்ள கணவருக்கு விக்டோரியா எழுதிக்கொண்டது. இங்கு சுகம்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள்.

நீங்கள் மைசூருக்குப் போன வருஷம் கார்த்திகையிலேயே பனி கடுமையாக இறங்கியது. அருளப்பனுக்கு எட்டு மாசம். பரணில் இருந்து முயல் தோலை எடுத்து, மயிர் உள்பக்கம் வரும்படி அவனுக்கு ஒரு தொப்பி தைத்தேன். தலையைச் சுற்றி நீளத் துண்டு, உச்சிக்கு வட்டத் துண்டு. நீங்கள் வந்ததும் காட்டலாம் என்று கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்தேன். மீதித் தோலில் இரண்டு கால் உறை தைத்தேன். தொப்பியைப் போட்டதும் அவன் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்ப்பான், ஏதோ பூனை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தவன் போல. வசம்பு அவன் கையில் கட்டியிருந்த வசம்பு. ஓரத்துத் துளை பூச்சி அரித்தது இல்லை, என் ஊசி.

காய்ச்சல் கண்ட சனிக்கிழமை முதல் புதன்கிழமை வரை அந்தத் தொப்பியை நான் ஒரு நிமிஷம் கழற்றவில்லை. புதன்கிழமை விடிந்த பிறகுதான் கழற்றினேன். ஞானஸ்நானம் பெற்ற சிறு பிள்ளை மோட்சத்துச் சம்மனசுக்குச் சமம், பூமுடி வைத்துத்தான் புதைக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். பூமுடிக்காகக் கழற்றினேன். கால் உறையைக் கழற்ற விடவில்லை. மீதித் தோல் எங்கே என்று கேட்டீர்களே, மண்ணுக்குள் இருக்கிறது.

நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னபோது தொப்பி என் மடியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் ஊரே நம்பியிருக்கும், நீங்களும் நம்பியிருப்பீர்கள். பிள்ளையின் தொப்பியைக் காட்டித்தான் அவனுடைய தாய் நல்லவள் என்று உங்களுக்கு நிரூபிக்க வேண்டுமா என்று இருந்தது. காட்டாமலே நம்புவீர்கள் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன்.

நீங்கள் தோல் கேட்டு எழுதினீர்கள். ஆறு ராத்திரி உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். பிரித்த பிறகாவது, வட்டத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பூச்சி என்று எழுதினீர்கள்.

வீடு நல்ல வீடாக இருக்கட்டும். அந்தச் சொல் இங்கே நிற்கும்போது நான் அங்கே வந்து குடியிருக்க முடியாது. வந்தால், ஊருக்குப் பயந்து ஓடியவள் ஆவேன்.

விக்டோரியா

—

மைசூர்
1931 ஜனவரி 20

விக்டோரியா,

சேசு மரி சூசை என்று மேலே எழுத வெட்கமாக இருக்கிறது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்.

உன் கடிதம் வந்த அன்று மல்லப்பன் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நாடா ஓடிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு நூறு தடவை. என் பிள்ளை தலையில் போட்டிருந்த தோல் அதற்குள் அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் தறியை நிறுத்திவிட்டேன். மல்லப்பன் கத்தினான். முதல் நாடாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன்.

தோலைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். வெந்நீரில் ஊறவைத்தேன், நீராவி காட்டினேன், மெல்லிய உளியால் நெம்பினேன். வரவில்லை. கிழிகிறதே தவிரப் பெயரவில்லை. பசை நான் காய்ச்சியது. நன்றாகவே காய்ச்சியிருக்கிறேன்.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட. போன வருஷம் மச்சான் அனுப்பிய ஆள் என்னிடம் திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வரச் சொன்னார்கள் என்றான். புதிய தறி ஒன்று நின்றிருந்தது. காய்ச்சல்தானே, தறியை ஓடவிட்டுப் போகலாம் என்று சனிக்கிழமை வரை இருந்துவிட்டேன். அன்றே புறப்பட்டிருந்தால் அவன் மூச்சோடு இருக்கும்போதே பார்த்திருப்பேன். ஆள் வழியில் தாமதித்தான் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் தாமதிக்கவில்லை. குழியைப் பார்த்ததும் என் தாமதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உன் தலையில் கட்டினேன். ஆறு மாதமாக நாடா நாடா என்று எழுதியது எல்லாம் இதை எழுதாமல் இருப்பதற்குத்தான்.

சாவுகாரரிடம் நாலு நாடாவையும் கேட்டேன். மூன்று தறியில் ஓடுகிறது, தர முடியாது என்றார். முதல் நாடாவை மட்டும் விட்டுக்கொடுத்தார். அது என் பெட்டியில் இருக்கிறது. குருசு செய்துவிட்டேன். தேக்கு. உலர்ந்த மரம் எப்போதும் இருந்தது.

27-ந் தேதி செவ்வாய்க்கிழமை புறப்படுகிறேன். சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வரும் சனத்தை உடனே கலைய விடவேண்டாம். மாதம்மா நம் கோயில்காரி இல்லை என்றாலும் அவளையும் வரச் சொல். ஊரே நின்று கேட்டதை, ஊரே நிற்கும்போதுதான் நான் திரும்ப எடுக்க வேண்டும். மச்சானுக்கு முன்னால் திங்கட்கிழமைக் கதையையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நீ மைசூருக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

மதலைமுத்து

—

சேசு மரி சூசை துணை

ராமாபுரம்
1931 ஜனவரி 24

கடிதம் கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். திங்கட்கிழமை என்று எழுதியிருந்த இடத்தில் அழுதேன், கோபமும் வந்தது. கோபம் இன்னும் இருக்கிறது.

சாமியாரிடம் சொல்லிவிட்டேன். மாதம்மா வருகிறேன் என்றாள். நாடாவை எடுத்துவர மறக்காதீர்கள்.

கொள்ளேகாலத்திலிருந்து வண்டியில் வரும்போது விடியற்காலம் ஆகிவிடும். இங்கே பனி மிகவும் அதிகம். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வாருங்கள்.

விக்டோரியா